பள்ளிக்கூடத்தில் ஓர் ஊர்

பட்டியல் எழுத எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், திருப்பத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதுவது, கண் முகாமுக்கு ஆள் சேர்ப்பது, பெண்கள் குழுக்களின் பதிவேடுகளைச் சரிபார்ப்பது. எல்லாம் தாளிலேயே தொடங்கித் தாளிலேயே முடிகிற வேலை. ஓர் ஊரே வீட்டை விட்டு வந்து நிற்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

அந்தக் கார்த்திகையில் மழை விடவே இல்லை. ஆறாம் நாள் காலை, மலைமேல் புதூர்நாட்டிலிருந்து ஊராட்சிச் செயலர் போன் செய்தார். பல வருடப் பழக்கம் உள்ளவர். அவசரமாகப் பேசவே மாட்டார். அன்றும் அப்படித்தான் பேசினார். "மேடம், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு ஊருக்கு மேல மண்ணு சரிஞ்சிட்டுது. ஆளுங்க எல்லாம் நல்லா இருக்கிறாங்க. ஸ்கூலுக்குக் கூட்டிக்குனு வந்துட்டோம். கொஞ்சம் வந்து பாருங்க."

நடந்தது முந்தின நாள் மதியம். ஓடையில் வெள்ளம் ஏறி, அறுத்து அடுக்கிய கேழ்வரகுக் கதிரை இழுத்துக்கொண்டு போகிறது என்று யாரோ கத்த, ஊரில் இருந்தவர்கள் எல்லோரும் கதிரைக் காப்பாற்றக் கீழே ஓடியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் மேட்டில் இருந்த மூன்று வீடுகள் மேல் மண் இறங்கியது. ஆள் சேதம் இல்லை. கட்டிக்கிடந்த இரண்டு மாடுகள் போயின. மழை கொஞ்சம் விட்டதும் மேலே ஏறிப் பார்த்தவர்கள், ஊருக்குப் பின்னால் சரிவின் குறுக்கே நீளமாக ஒரு வெடிப்பு ஓடுவதைக் கண்டு சத்தமில்லாமல் இறங்கி வந்தார்கள். சாயங்காலத்துக்குள் வருவாய்த் துறை ஆட்கள் ஜீப் வைத்து எல்லோரையும் புதூர்நாட்டுப் பக்கம் இருந்த ஓர் உண்டு உறைவிடப் பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

மலைப்பாதையின் ஏழாவது வளைவில் மரம் விழுந்து கிடந்தது. ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு மீதித் தூரம் நடந்தேன். தோளில் தொங்கிய பையில் படிவங்கள் ஒரு கட்டு, பேனாக்கள், எல்லாவற்றையும் சுற்றி பிளாஸ்டிக் உறை. வேறு எதையும் எடுத்து வரத் தோன்றவில்லை.

பள்ளியில் முதலில் என் கண்ணில் பட்டது, எல்லோரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்ததுதான். சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. வகுப்பறைகள் திறந்தே கிடந்தன. பூட்டியிருப்பார்கள் என்று நினைத்துத் தலைமை ஆசிரியையிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். அவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். பள்ளிக் குடியிருப்பிலேயே தனியாகத் தங்கியிருப்பவர். நேற்று ராத்திரியிலிருந்து தானும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பதாகவும், பிள்ளைகள் படிக்கிற இடத்தில் சேற்றுக் காலோடு எப்படிப் போவது என்று அவர்கள்தான் வர மறுக்கிறார்கள் என்றும் சொன்னார். மழை விடுமுறைக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டதால் விடுதியில் அரிசி மிச்சம் இருந்தது. அதில் சோறும் சாம்பாரும் வைத்துப் போட்டிருந்தார். நான் கேட்ட கேள்விக்கு வெட்கப்பட்டு, இரண்டு வாளி தண்ணீரும் ஒரு சாக்கும் வாங்கி வாசற்படியில் வைத்தேன். காலைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

பிறகு என் வேலையைத் தொடங்கினேன். வட்டாட்சியர் போனில் பேசும்போது, எந்த உதவி வந்தாலும் என் கை வழியாகப் போகட்டும், பட்டியலையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஊர் நாட்டாமை அதிகம் பேசாத மனிதர். தலையில் ஈரத் துண்டு. குடும்ப அட்டைகளைக் கேட்டேன். நனையாமல் உரப்பையில் சுற்றி வைத்திருந்த அட்டைகளை வீடு வீடாக வாங்கிக் கொடுத்தார். முப்பத்தொன்று இருந்தன. படிவத்தில் முதல் கட்டம் 'குடும்பத் தலைவர்'. மதியத்துக்குள் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். அழகான கையெழுத்தில் நான்கு பக்கம். போட்டோ எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினேன். பாராட்டிப் பதில் வந்தது.

மறுநாள் மரத்தை அறுத்து வழிவிட்டதும் பொருட்கள் ஏறி வரத் தொடங்கின. பாய், போர்வை, பருப்பு, சோப்பு, வாளி. பெயர் கூப்பிட்டு, அட்டையில் எத்தனை பேரோ அத்தனை போர்வை என்று கொடுத்தேன். வரிசை அமைதியாக நகர்ந்தது. யாரும் முண்டவில்லை, எனக்கு முந்தி உனக்கு முந்தி என்ற சத்தமே இல்லை. இதை நானே திறமையாக நடத்துவதாக ஒரு நினைப்பு வந்தது எனக்கு.

அதே நாள் வெகுதூரத்து நகரம் ஒன்றிலிருந்து ஒரு லாரி நிறைய துணி வந்தது. நல்ல மனசோடு சேர்த்து அனுப்பியதுதான். மூட்டையை அவிழ்த்தால் கழுத்து டைகள், மாப்பிள்ளைக் கோட்டு ஒன்று, குதிகால் உயர்ந்த செருப்பு ஒற்றை, சம்கி வைத்த பாவாடைகள். மூன்று நாளில் அந்தப் பெண்கள் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அந்தக் கோட்டைப் பார்த்துத்தான். ஒருத்தி அதைத் தன் மாமியாருக்கு மாட்டிவிட்டாள். குளிருக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று அந்தம்மாள் கழற்றாமலே இருந்துவிட்டார். மிச்சத்தில் பருத்தியாக இருந்ததை எல்லாம் தேடி எடுத்துக் கிழித்து, ஈரம் ஏறிய சுவரோரம் குழந்தைகள் படுக்கிற இடத்தில் மெத்தை மாதிரி அடுக்கினார்கள்.

மூன்றாம் நாள் காலை, நான் மேசையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கையைப் பிடித்தபடி எட்டு வயது மகள். நேற்று வரிசையில் அவளைப் பார்த்ததாக நினைவில்லை.

"அக்கா, உங்க பட்டியல்ல நானும் என் பொண்ணும் எங்க இருக்கிறோம்னு பாக்கணும்" என்றாள்.

பெயரைக் கேட்டேன். நான்கு பக்கத்தையும் புரட்டினேன். பெயர் இருந்தது, ஒரு குடும்பத் தலைவருக்குக் கீழே இரண்டாவது ஆளாக. மகள் மூன்றாவது. மூன்று போர்வை கொடுத்தாயிற்று என்று குறியும் போட்டிருந்தது. அவள் அந்தக் குறியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அந்த ஆள் அவளை விட்டுப் போய் நாலு வருடம் ஆகிறது, ஊரின் கீழ்க்கோடியில் வேறொருத்தியோடு இருக்கிறார், அட்டையை மட்டும் இன்னும் பிரிக்கவில்லை என்று விஷயத்தைச் சொன்னாள். மூன்று நாளாக இவளும் மகளும் அண்ணன் வீட்டுப் பாயில் இடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

நான் எழுந்தே விட்டேன். ஏன் முதல் நாளே கேட்கவில்லை என்றேன்.

"போர்வை வேணும்னு கேக்க வர்ல அக்கா. அண்ணன் வூட்டுல இருக்குது. ஆளுங்க கணக்கு தப்பா இருக்குது, அதச் சொல்லலாம்னு வந்தேன். என்னாட்டம் இன்னும் சில பேரு இருக்கிறாங்க. அவங்க வந்து சொல்ல மாட்டாங்க."

அந்த ஆளைத் தேடிப் போனேன், நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்ற வேகத்தோடு. கடைசி வகுப்பறையின் மூலையில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தலைமாட்டிலிருந்து இரண்டு போர்வைகளை எடுத்து நீட்டினார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஒன்றை மட்டும்தான் பயன்படுத்தியிருந்தார். "நான் குடுத்தா வாங்க மாட்டா மேடம். பேசவே மாட்டா. நீங்களே குடுத்துடுங்க" என்றார். கொண்டுவந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் போர்வைகளை வாங்கிக்கொண்டு திரும்பினேன். அந்த மனிதரிடம் கோபப்பட எனக்கு என்ன இருந்தது? படிவத்தை நிரப்பியவள் நான்.

அன்று முழுக்க அந்தப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டியலை மறுபடி எழுதினேன். அட்டையைக் கேட்காதீர்கள், ஊரில் எத்தனை அடுப்பு எரியும் என்று கேளுங்கள் என்றாள் அவள். மேட்டு வீட்டிலிருந்து தொடங்கி ஓடை வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு அடுப்பாகச் சொன்னாள். ஒரே அட்டையில் இருக்கிற, தனித்தனியாகச் சமைக்கிற அண்ணன் தம்பி. மகன் வீட்டின் பின்கட்டில் தனக்கு மட்டும் கூழ் காய்ச்சிக்கொள்கிற கைம்பெண். மாட்டுக் கொட்டகையில் ஒண்டியாக வாழ்கிற ஒருவர். அவருக்கு எந்த அட்டையும் இல்லை. நாட்டாமை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் மட்டும் திருத்தினார். கடைசியில் முப்பத்தெட்டு அடுப்பு வந்தது.

இதை ஏன் முதலிலேயே என்னிடம் சொல்லவில்லை என்று நாட்டாமையிடம் கேட்டேன். நீங்கள் அட்டையைத்தானே கேட்டீர்கள் என்றார். குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

அன்று மதியம் சாப்பாட்டு வரிசையில் இன்னொன்றைக் கவனித்தேன். பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள், வயதானவர்கள் இருந்தார்கள், திடமான ஆண்கள் பாதிப் பேரைக் காணோம். விசாரித்தால் காட்டு வழியாக ஊருக்கே போயிருந்தார்கள். வருவாய் ஆய்வாளர் ஊருக்குப் போகிற வழியை அடைத்துப் போலீஸ்காரர் ஒருவரையும் நிறுத்தியிருந்தார். அடைத்தது ஜீப் பாதையை. அவர்களுக்கு வேறு மூன்று வழி தெரியும்.

வருவாய் ஆய்வாளர் இளைஞர். வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மூன்று நாளாக அவர் தூங்கியதாகத் தெரியவில்லை. மாலையில் திரும்பி வந்த ஆண்களை நிற்கவைத்து, வெடிப்பு இன்னும் அகலுகிறது, மேலே யாராவது மாட்டிக்கொண்டால் யார் பொறுப்பு என்று குரலை உயர்த்திவிட்டார். நாட்டாமைதான் கடைசியில் துண்டை எடுத்து மடித்துக்கொண்டு சொன்னார்.

"சார், மாட்டக் கட்டிப்போட்டு வந்துட்டோம். அவுத்து வுட்டுருந்தா அது பாட்டுக்கு மேஞ்சிக்கும். நீங்க ஜீப்பு வெச்சிக் கூப்டீங்க, பசங்களத் தூக்கிக்குனு ஓடியாந்தோம். கயித்துல நிக்கிற மாட்டுக்குத் தண்ணி காட்டாம இங்க உக்காந்து சோறு துன்ன முடியல."

அவிழ்த்துவிட்டு வந்துவிடலாமே என்று ஆய்வாளர் கேட்டார். விட்டால் விளைந்து நிற்கிற பக்கத்து ஊர்க் கொள்ளியில், அதாவது மானாவாரி நிலத்தில், போய் மேயும், பிறகு அது ஒரு சண்டை என்றார்கள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு என் மேசையருகே வந்து உட்கார்ந்தார். போர்வை, பருப்பு, சோப்பு என்று நாங்கள் எழுதிய தேவைப் பட்டியல் அங்கேதான் கிடந்தது. மாடு என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

மாடுகளையும் ஆடுகளையும் கீழே கொண்டுவந்துவிடுவது என்று முடிவாயிற்று. எங்கே கட்டுவது? பள்ளி மைதானத்தைக் கேட்டோம். பிள்ளைகள் போட்ட காய்கறிப் பாத்தி இருக்கிறது, திரும்பி வரும்போது அது இருக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியை மறுத்தார். அவர் சொன்னதும் நியாயம்தான். அங்கிருந்து ஒரு மைல் தூரத்தில் இன்னொரு ஊர் இருந்தது. நானும் நாட்டாமையும் போனோம். அந்த ஊர்க்காரர்கள் கேழ்வரகு அறுத்து முடித்த கொள்ளிகளில் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். ஒரே ஒரு நிபந்தனை, சாணியை எடுத்துக்கொண்டு போகக் கூடாது, எல்லாம் நிலத்திலேயே கிடக்க வேண்டும். இரண்டு பக்கத்தாரும் மனம் நிறைந்து பிரிந்தார்கள். அந்த ஒரு வாரத்தில் நான் கண்ட ஏற்பாடுகளில் கொடுத்தவர், வாங்கியவர் என்ற வித்தியாசம் தெரியாமல் நடந்தது அது ஒன்றுதான்.

தீனிக்கு என்ன செய்வது? உதவி செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில், துணி வேண்டாம், வைக்கோல் வேண்டும் என்று போட்டேன். அதுவரை நிமிடத்துக்கு ஒரு செய்தி வந்துகொண்டிருந்த குழு அரை மணி நேரம் அமைதியாக இருந்தது. பிறகு ஒருவர், மாட்டுக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மனிதர்களுக்கு ஏதாவது தேவைப்பட்டால் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. இரண்டு நாள் முன்பு நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

கடைசியில் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் திருப்பத்தூரில் டயர் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் விவசாயிகள். வருஷா வருஷம் இந்த மலையிலிருந்து புளி வாங்கிப் போகிற ஒருவர், தன் வைக்கோல் போரிலிருந்தே பிடுங்கித் தருகிறேன் என்றாராம். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர். அடுத்த நாள் காலையில் குட்டியானை வண்டிகள் இரண்டு, வண்டியே தெரியாத அளவு வைக்கோலை ஏற்றிக்கொண்டு வளைவு வளைவாக ஏறி வந்தன. பள்ளித் தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அரிசி வந்தபோது அவர்கள் எழுந்து நிற்கவில்லை.

மாடுகளைக் கொண்டுவர ஆய்வாளர் ஒரு காலை நேரத்தை ஒதுக்கினார். மழை விட்ட நாள். வனக்காவலர் ஒருவரோடு பத்து ஆண்கள், எட்டு மணிக்குப் போய்ப் பன்னிரண்டுக்குள் திரும்ப வேண்டும். பத்துப் பேரின் பெயரை எழுதி முடித்தபோது அந்தப் பெண் வந்தாள். தன்னிடம் ஒரு மாடு இருக்கிறது, சினையாக இருக்கிறது, அனுப்ப ஆண்பிள்ளை கிடையாது, தான் போக வேண்டும் என்றாள். அண்ணன் ஓட்டி வரட்டுமே என்றார் ஆய்வாளர். அந்த மாடு அண்ணனுக்கு மசியாது என்றாள். ஆய்வாளர் என்னைப் பார்த்தார். நானும் கூடப் போகிறேன் என்று ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒன்றரை மணி நேர நடை. எனக்குத்தான் அத்தனை நேரம். அவர்கள் எனக்காக நின்று நின்று நடந்தார்கள். ஊர் எனக்குப் புதிது. புகை இல்லாமல், பேச்சுச் சத்தம் இல்லாமல் கிடந்தது. மேட்டில் மூன்று வீடுகள் இருந்த இடத்தில் சிவந்த மண், அதில் வேரோடு சாய்ந்த ஒரு பலாமரம். மண்ணில் ஒரு கட்டில்கால் நீட்டிக்கொண்டிருந்தது. வனக்காவலர் வெடிப்பைக் காட்டினார். என் கை தாராளமாக உள்ளே போகிற அகலம். பக்கத்தில் அடித்துவைத்த முளைக்குச்சி நேற்று நேராக நின்றதாம், அன்று சாய்ந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு யாருக்கும் நிதானம் இல்லை. ஆனாலும் யாரும் ஓடவில்லை. அவரவர் வீட்டுக்குப் போனார்கள், கயிற்றை அவிழ்த்தார்கள், குதிரிலிருந்து சாமையை மூட்டை கட்டினார்கள்.

அவள் மாடு கன்று போட்டிருந்தது. முந்தின நாளோ அன்று விடியலிலோ. கன்று காலை ஊன்றி நின்று பால் குடித்துக்கொண்டிருந்தது. அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு போய் மாட்டின் நெற்றியில் கையை வைத்து, தாழ்ந்த குரலில் நெடுநேரம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்க முயலவில்லை. வீட்டுக்குள் போய் அவள் எடுத்துவந்தது ஒரு தகரப் பெட்டி, மகளின் புத்தகப் பை, ஒரு அரிவாள்மணை. கதவைச் சாத்தி நாதாங்கியைப் போட்டாள். பின்சுவர் பாதி சரிந்து கிடந்த வீடு அது.

கிளம்பும்போது கன்றை யார் தூக்குவது என்று ஒரு தயக்கம். எல்லோர் கையிலும் கயிறும் மூட்டையும். அப்போது அவளுடைய பழைய கணவர் தன் மூட்டையை இறக்கித் தம்பியிடம் கொடுத்துவிட்டு, வந்து கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மாடு கன்றைப் பார்த்துக்கொண்டே அவர் பின்னால் நடந்தது, மாட்டின் பின்னால் அவள். மாடு கட்ட இடம் கொடுத்த ஊரின் கொள்ளி வரைக்கும் அப்படியே போனார்கள். கன்றை இறக்கிவிட்டு அவர் தன் ஆட்களோடு போய்விட்டார்.

எனக்கும் ஒரு சுமை கிடைத்தது. யாரோ இரண்டு கோழிகளைப் பக்கத்துக்கு ஒன்றாக என் கக்கத்தில் திணித்துவிட்டார்கள். இறக்கத்தில் இரண்டு கையும் இல்லாமல் தடுமாறி இறங்கிய என்னைப் பார்த்து வனக்காவலர் அடக்க முடியாமல் சிரித்தார். பள்ளி வாசலில் காத்திருந்த ஆய்வாளர் பதினோரு பேரையும் எண்ணினார், என்னையும் எண்ணினார், மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீரை முழுதாகக் குடித்தார்.

அதன் பிறகு காட்டு வழியில் யாரும் போகவில்லை. போலீஸ்காரரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மண்ணைப் பரிசோதிக்கிற நிபுணர்கள் வந்து போனார்கள். ஊரின் மேல் பாதியில் இனி யாரும் குடியிருக்கக் கூடாது, கீழ்ப் பாதிக்குத் திரும்பலாம் என்று சொன்னார்கள். பள்ளியையும் திறந்தாக வேண்டும். அரைப் பரீட்சை நெருங்கிவிட்டது. மேல் பாதியில் இருந்தவர்களுக்கு அடிவாரத்தில், தார்ச்சாலை ஓரமாக, இடம் பார்த்திருப்பதாக ஆய்வாளர் சொன்னார். ஆஸ்பத்திரி பக்கம், பஸ் பக்கம். எனக்கு அது நல்ல இடமாகவே பட்டது. என் வீட்டிலிருந்து பத்து நிமிடம்தான்.

மைதானத்தில் எல்லோரையும் கூட்டிப் பேசினோம். யாரும் மறுத்துப் பேசவில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். ஒத்துக்கொண்டார்கள் என்று நினைத்து நான் எழுதப் போனேன். அந்தப் பெண் கேட்டாள், அங்கே சாமை எங்கே விதைப்பது என்று. விதைக்க இடம் இல்லை, வீட்டு மனை மட்டும்தான் என்றேன். அப்படியென்றால் காலையில் எழுந்து என்ன செய்வது என்றாள். அது என்னிடம் சண்டை பிடிக்கிற குரலே இல்லை. தெரியாமல் கேட்கிற குரல். நான் பேனாவை மூடிவைத்தேன்.

மாடு கட்டியிருந்த அந்த ஊருக்கு மேலே கொஞ்சம் புறம்போக்கு இருந்தது. பாறையும் புதருமான சமதரை. அங்கே கேட்டுப் பார்க்கலாமா என்று ஆய்வாளரே சொன்னார். அதற்கு அவர் எத்தனை அலுவலகப் படி ஏறி இறங்கினார் என்று எனக்குத் தெரியும். தை பிறப்பதற்குள் அனுமதி வந்தது. தகரக் கொட்டகைகள் போட்டோம். யாருக்கு எது என்று நான் முன்கூட்டி எதையும் எழுதவில்லை. அவர்களே கூடிப் பேசிப் பிரித்துக்கொண்டார்கள், நான் வந்து குறித்துக்கொண்டேன். பழைய நிலம் நடக்கிற தூரத்தில் இருந்ததால் விதைப்பும் அறுப்பும் அங்கேயே நடந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே உட்கார முடியவில்லை. பகலெல்லாம் மரத்தடியில் கிடந்தார்கள். தண்ணீர்க் குழாய் வர ஒரு வருடம் பிடித்தது. ஒரே ஊராக இருந்தது இரண்டாகப் பிரிந்துபோனதில் நாட்டாமைக்கு மனம் ஆறவில்லை. அவர் வீடு கீழ்ப் பாதி. வாரத்துக்கு இரண்டு முறையாவது புது இடத்துக்கு நடந்து வந்து, எதற்கென்று இல்லாமல் உட்கார்ந்துவிட்டுப் போவார். மூன்று குடும்பம் பெங்களூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போனது. ஒன்று மட்டும் திரும்பியது. ஆய்வாளருக்கு மாற்றல் வந்து வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். மழைக்காலத்தில் இன்னும் எனக்குப் போன் செய்து, அங்கே எப்படி என்று கேட்பார்.

போன மாதம் வீட்டு மனைப் பட்டா விஷயமாக அந்தப் பெண்ணும் நானும் திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்துக்குப் போனோம். அவளுக்கு இப்போது தனிக் குடும்ப அட்டை இருக்கிறது. சர்வேயர் வேறு வேலையில் இருக்கிறார் என்று அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அவள், வந்தது வந்தோம், மகளுக்குப் பாவாடைத் துணி எடுத்துவிட்டுப் போகலாம் என்றாள். கடைக்குப் போனோம். பிறகு பஸ் நிலையத்தில் உட்கார்ந்து வடை சாப்பிட்டோம். மேலே போகிற பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

பழைய வீட்டுப் பக்கம் போவதுண்டா என்று கேட்டேன். போன பங்குனியில் புளி உலுக்கப் போனபோது பார்த்தாளாம். கூரை முழுக்க உட்கார்ந்துவிட்டது, உள்ளே செடி முளைத்திருக்கிறது. வருத்தமாக இல்லையா என்றேன். அவள் வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

"வருத்தம் இருக்குதுக்கா. அத இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா அங்க படுத்தா தூக்கம் வராது. இங்க மழ பேஞ்சா தகரத்துல சத்தம் காதப் பொளக்குது, இருந்தாலும் தூங்கிடுறேன்."

பஸ் வந்தது. கூட்டம். துணிப் பையை ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடித்தாள். ஏறி உட்கார்ந்ததும் வெளியே தலையை நீட்டி, அடுத்த வாரம் தான் மட்டுமே வந்து பார்த்துக்கொள்வதாகவும், எந்த அறை, யாரைக் கேட்க வேண்டும் என்றெல்லாம் தெரிந்துவிட்டது என்றும், நான் வெயிலில் அலைய வேண்டாம் என்றும் சொன்னாள். சரி என்றேன். பஸ் கிளம்பிப் புதூர்நாட்டுச் சாலையில் திரும்புகிற வரைக்கும் நின்றிருந்துவிட்டு, நான் டயர் கடைக்குப் போய் வீட்டுக்காரரின் வண்டியில் வீட்டுக்குத் திரும்பினேன்.